நாலு வயதுப் பிள்ளைக்கு ‘மூளை அலை மந்தம்’: பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. ஓடும்போது தடுமாறுகிறான், பொத்தான் போட வரவில்லை. தெரபி மையத்தில் பிரெயின் மேப்பிங் (மூளை அலைகளை அளந்து வண்ணப் படமாகக் காட்டும் சோதனை) எடுத்து, ‘அசைவு அலை 8 ஹெர்ட்ஸ்தான், மந்தம். 40 அமர்வு நியூரோஃபீட்பேக் (மூளை அலையைத் திரையில் காட்டி மாற்றப் பழக்கும் பயிற்சி) வேண்டும், ரூ. 60,000’ என்கிறார்கள். கட்டலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: கட்டாதீர்கள். 4 வயதுக்கு 8 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 8 அலை, என்பது குறையே இல்லை. அவர்கள் சொல்வது மியூ அலை. கை சும்மா இருக்கும்போது உச்சந்தலையின் இரு பக்கமும் வரும், கையை அசைத்தால் அடங்கும். கைக்குழந்தைக்கு நொடிக்கு 6 அளவில் தொடங்கி, ஒரு வயதில் 7, 8 என ஏறி, பெரியவர்களிடம் 10-ஐ ஒட்டி நிற்கும். பெரியவர்களின் அளவை வைத்துப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் மந்தம்தான். அசைவு முடிந்ததும் 20 ஹெர்ட்ஸை ஒட்டி எழும் பீட்டா அலையும் பதின்பருவம் வரை வலுத்துக்கொண்டே போகும்.

பதிவு எடுத்தபோது பிள்ளை விழித்திருந்தானா என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தூக்க சிரப் கொடுத்து இஇஜி (மூளை அலைப் பதிவு) எடுப்பது இங்கே வழக்கம். தூக்கத்தில் மியூ மறைந்துவிடும், பிறகு எதை அளந்தார்களாம்? விழித்திருந்தான் என்றால், வலது கையால் பொம்மையைப் பிடித்ததும் இடப் பக்க அலை அடங்கியிருக்க வேண்டும். வண்ணப் படம் மட்டும் போதாது. கண் சிமிட்டலும் தாடை இறுக்கமும்கூட அதில் சிவப்பாய்த் தெரியும். மூலப் பதிவைப் பென் டிரைவில் வாங்குங்கள். இழுத்தடிப்பார்கள், விடாதீர்கள்.

ஒன்றில் மட்டும் அசட்டை கூடாது. மியூவின் ஒரு முனை கூராக இருப்பதால், பழக்கமில்லாதவர் அதை வலிப்பு அலை என்று எழுதிவிடுவார். ஆனால் பிள்ளைகளின் ஒரு வகை வலிப்போடு தொடர்புடைய, நிஜமான ரோலாண்டிக் கூரலையும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் வரும். அது கையை மூடினால் நிற்காது, தூக்கத்தில் பெருகும். அது இருந்தும் வலிப்பே வராத பிள்ளைகள் உண்டு. அதனால் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து மாத்திரை தொடங்க வேண்டாம். தூங்கிய சிறிது நேரத்திலோ விடியற்காலையிலோ வாய் ஒரு பக்கம் இழுத்து, எச்சில் வழிந்து, பேச்சு வராமல் போயிருக்கிறதா? அப்படியென்றால் அடுத்த முறை வீடியோ எடுத்துக்கொண்டு குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

தடுமாற்றத்துக்குப் பிள்ளையை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும், அலையை அல்ல. அரசு மருத்துவமனையில் தேதி கிடைக்க அலையவிடுவதால்தான் இந்தக் கடைகளுக்கு வியாபாரம் நடக்கிறது. அலைச்சலானாலும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றுகிறானா, கெண்டைக்கால் பருத்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். இருந்தால் முதலில் செய்ய வேண்டியது, தசை நோய் இருக்கிறதா என்று பார்க்கும் சிபிகே ரத்தப் பரிசோதனை, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.