பெத்யாவின் உலர்திராட்சை

அன்புள்ள ஐயா,

டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலை ஒரு வருடத்துக்கும் மேலாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். இரவில் ஓர் அத்தியாயம், சில நாள் அதுவும் கிடையாது. இடையில் வாரக்கணக்கில் விட்டுப்போய்த் திரும்ப எடுத்தால் பாதிப் பேர் யாரென்றே தெரிவதில்லை. போன வாரம் பெத்யா இறக்கும் இடத்துக்கு வந்தேன். அன்றைக்கு மேற்கொண்டு படிக்க முடியவில்லை. இதே நாவலைச் சில நாட்களில் முடித்த நண்பரிடம் சொன்னபோது, “யார் பெத்யா?” என்று கேட்டார். என் வாசிப்பு வேகத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டுமா? கடைசியில் வரும் வரலாற்று விளக்கங்களை விட்டுவிடலாமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

வேகத்தைக் கூட்ட வேண்டாம். இந்த நாவலுக்கு உங்கள் வேகம்தான் சரி. 1865இல் ‘ருஷ்ய தூதன்’ இதழில் ‘1805’ என்ற தலைப்பில் தொடராக வர ஆரம்பித்த கதை இது. முழு நூலாக முடிந்தது 1869இல். இதன் முதல் வாசகர்கள் அடுத்த இதழுக்குக் காத்திருந்து, நடுவில் மறந்து, மறுபடி ஞாபகப்படுத்திக்கொண்டு படித்தவர்கள்.

பெயர்கள் மறந்தால் மறக்கட்டும். டால்ஸ்டாய் பெயரை மட்டும் நம்பி எழுதுகிறவர் இல்லை. லிசா வந்தால் மெல்லிய பூனைமுடி படர்ந்த அந்தக் குட்டை மேலுதடும் கூடவே வரும். மரியாவுக்கு ஒளிரும் கண்கள், கனத்த காலடி. ஹெலனுக்கு வெண்ணிறத் தோள்கள். ஒரே மூச்சில் படிப்பவருக்கு இது கூறியது கூறலாகப் படலாம். ஒரு மாதம் கழித்து வருகிறவருக்கோ, கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி.

சரி, பெத்யாவுக்கு வருகிறேன். உங்கள் நண்பர் மறந்ததில் வியப்பில்லை. நாவலின் மையத்தில் இருப்பவன் இல்லை அவன். ரஸ்தோவ் குடும்பத்தின் கடைசிப் பையன். 1805இல் அவர்கள் வீட்டு விருந்தன்று, பிள்ளைகள் கும்பலாக ஓடிவரும்போது, குட்டைச் சட்டை போட்ட கொழுகொழு பையனாகத்தான் முதலில் தென்படுகிறான். அப்புறம் வெகுதூரத்துக்கு ஓரத்திலேயே இருக்கிறான். 1812இல், நெப்போலியன் படையெடுத்து வந்தபோது, ருஷ்யப் பேரரசர் ஜாரைப் பார்க்கப் போய் நெரிசலில் மூச்சுத்திணறி மயங்கி விழுகிறான். அதே நாளில், ஜார் மாடத்திலிருந்து வீசும் பிஸ்கட்டுக்காகக் கூட்டத்தோடு முண்டியடிக்கிறான். ஏன் அது வேண்டும் என்று அவனுக்கே தெரியாது.

அப்படிப்பட்டவன்தான் கடைசியில் படைத்தலைவன் தெனீசவின் படையில் வந்து சேர்கிறான். நாளை சண்டை. இவனோ பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, தன்னிடம் நல்ல உலர்திராட்சை இருக்கிறது, விதையில்லாதது, இனிப்பாக ஏதாவது தின்றே தனக்குப் பழக்கம் என்று சொல்லி எல்லோருக்கும் எடுத்து நீட்டுகிறான். பிடிபட்ட பிரெஞ்சுப் பறையடிக்கும் சிறுவன் பட்டினியாக இருப்பானே என்றும் கவலைப்படுகிறான். மறுநாள் காலை குதிரையில் பாய்ந்து போனவனின் கைகள் விநோதமாக ஆட, உடல் சேணத்திலிருந்து சரிகிறது. அவ்வளவுதான். டால்ஸ்டாய் சாவுக்கென்று பெரிய வர்ணனை எதுவும் செய்யவில்லை. தெனீசவ் இறங்கி வந்து, நடுங்கும் கைகளால் அந்த முகத்தைத் தன் பக்கம் திருப்புகிறான். அவனுக்கு நினைவுக்கு வருவது அந்த உலர்திராட்சைப் பேச்சு. நாய் ஊளையிடுவது போன்ற ஒரு சத்தம் அவனிடமிருந்து வருகிறது. போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

இந்த இடத்தில் திராட்சையை நினைத்துக்கொள்வது தெனீசவ் ஒருவன்தான். பிஸ்கட்டையும் அந்தக் குட்டைச் சட்டையையும் நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு அவன் நம்மோடு சில காலம் இருந்திருக்க வேண்டும். ஒரு வருடமாக அவன் வளர்வதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அன்றைக்கு மேலே படிக்க முடியாமல் போனது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நாவலின் நாயகர்களில் ஒருவனான ஆந்த்ரேயும் அந்த ஓக் மரமும் நினைவிருக்கும். வசந்தத்தில், சிரிக்கும் பிர்ச் மரங்கள் நடுவே மொட்டையாக முறைத்துக்கொண்டு நிற்கிற கிழ மரம். எல்லாம் முடிந்தது என்கிற தன் எண்ணத்துக்குத் துணையாக அவன் எடுத்துக்கொண்ட மரம். ஜூனில் அதே வழியில் திரும்பும்போது, அந்த மரம் எங்கே என்று தேடிக்கொண்டே, தளிர்த்து நிற்கும் அதையே அடையாளம் தெரியாமல் ரசிக்கிறான். புத்தகத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே சில பக்கங்களே. அங்கே ஒரு வாரம் விட்டு வருகிற வாசகருக்கு, அவனைப் போலவே மரத்தை மறந்திருக்க ஒரு வாய்ப்பு உண்டு.

வரலாற்று விளக்கங்கள் பின்னுரையின் இரண்டாம் பகுதியில் மொத்தமாக வருகின்றன. பிடிக்கவில்லையென்றால் தள்ளி வையுங்கள், நாவலுக்கு நஷ்டமில்லை. முதல் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது 1820இல் போய் முடிகிறது. யார் யார் அங்கே இருக்கிறார்கள், எப்படி மாறியிருக்கிறார்கள் என்பதை இப்போது சொல்ல மாட்டேன். படித்துவிட்டு எழுதுங்கள்.