அறிவியல் புனைவுத் தொடர்களில் உங்களை மிகவும் பாதித்த தலைவரின் துரோகம் எது?

எனக்கு டுகாட்தான். ஒரு விண்வெளி நிலையத்தில் நடக்கும் 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில், கார்டாசியர் என்ற வேற்றுக்கிரக இனத்தின் தளபதி. (தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கடைசி எபிசோட் வரை எல்லாவற்றையும் உடைக்கப் போகிறேன்.)

வில்லன் துரோகம் செய்வதில் என்ன அதிர்ச்சி என்று கேட்கலாம். பஜோர் கிரகம் கார்டாசியர்களின் பிடியில் இருந்தபோது அதை ஆண்ட கடைசி நிர்வாகி அவர். முதல் எபிசோடிலிருந்தே வில்லன்தான். ஆனால் நாலாவது சீசனில் கதை அவரை வேறு பக்கம் இழுத்தது. பஜோரியப் பெண்ணிடம் தனக்குப் பிறந்த மகள் ஸியாலைத் தேடிப் போகிறார், விஷயம் வெளியே வரக்கூடாது என்று கொன்றுவிடுவதற்காக. நேரில் பார்த்ததும் மனம் வரவில்லை. ஊருக்கே அழைத்துப் போகிறார். பதவி போகிறது, குடும்பம் போகிறது, ஒரு சரக்குக் கப்பலுக்கு கேப்டனாகத் தூக்கியடிக்கிறார்கள். அப்புறம் கார்டாசியாவோடு போரிடும் கிளிங்கான் என்ற இன்னொரு இனத்தின் போர்க்கப்பலைக் கைப்பற்றிக்கொண்டு, சொந்த அரசு சமாதானம் பேசலாம் என்று சொல்லும்போதே கிளிங்கான்களோடு தனியாக மோதுகிறார். ஐந்தாவது சீசன் தொடக்கத்தில் நிலையத்தின் தலைவரும் கதையின் நாயகனுமான சிஸ்கோவையும் அவர் ஆட்களையும் கிளிங்கான் கோட்டைக்கே கொண்டுபோய் இறக்கிவிட்டவரும் இவர்தான். டுகாட்டாக நடித்த மார்க் அலைமோவின் அந்தக் குரலும் சிரிப்பும் வேறு. பிடிக்காமல் எப்படி இருக்கும்?

1997 பிப்ரவரியில் ஒளிபரப்பான 'பை இன்ஃபெர்னோஸ் லைட்' எபிசோடில் எல்லாம் தலைகீழாகிறது. நிலையத்துக்கு அருகே இருக்கும் புழுத்துளையிலிருந்து (விண்வெளியின் தொலைதூரப் பகுதிக்குப் போகும் குறுக்குவழி) டொமினியன் என்ற எதிரிப் பேரரசின் படை வெளியே வருகிறது. தாக்கப் போகிறார்கள் என்று எல்லோரும் தயாராக நிற்க, அந்தக் கப்பல்கள் கார்டாசியா பக்கம் திரும்புகின்றன. டுகாட்டின் கப்பலும் அவற்றின் பின்னால் போகிறது. நிலையத்தின் பஜோரிய அதிகாரி கீரா கேட்டால், அலட்டிக்கொள்ளாமல் பதில் சொல்கிறார்: மாதக்கணக்காக ரகசியப் பேச்சு நடந்திருக்கிறது, கார்டாசியா டொமினியனில் சேர்ந்துவிட்டது, இனி ஆட்சி அவர் கையில்.

'மாதக்கணக்காக' என்பதுதான் என்னைக் குத்தியது. அப்படியென்றால் இவர்களோடு நின்று பேசிச் சிரித்த காட்சிகளில் எதெல்லாம் நடிப்பு? கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்களே, அதை இவ்வளவு நிதானமாகச் செய்த ஒரு பாத்திரத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. பழைய எபிசோடுகளைத் திரும்பப் பார்க்கும்போது அவர் ஒவ்வொரு முறை சிரிக்கும்போதும் சந்தேகம் வருகிறது.

அரசியலைக்கூட ஒருவழியாகப் புரிந்துகொள்ளலாம். கிளிங்கான் படையெடுப்பில் கார்டாசியா நொறுங்கிக் கிடந்தது. ஐந்து நாளில், தன் மூத்த மகனின் பிறந்தநாளுக்குள், நம் எல்லைக்குள் ஒரு கிளிங்கான்கூட உயிரோடு இருக்க மாட்டான் என்று அவர் பேசும்போது கார்டாசியர்களுக்குப் புல்லரித்திருக்கும். அவர் நாட்டுப்பற்றுள்ளவர் என்று வாதாடும் ரசிகர்கள் இந்த உரையைத்தான் காட்டுவார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் அதற்குச் சற்று முன்னால் நடந்ததை யாரும் பேசுவதில்லை. ஸியால் நிலையத்தை விட்டு வர மறுக்கிறாள், தான் விரும்பும் காரக்குக்காகக் காத்திருப்பேன் என்கிறாள். இவர் அவளைச் சபித்துவிட்டுப் போய்விடுகிறார். எந்தப் படை வரப்போகிறது என்று இவருக்கு நன்றாகவே தெரியும்! எவளுக்காகப் பதவியையே விட்டாரோ அவளையே அங்கே விட்டுவிட்டுப் போகிறார். எனக்கு ஆறாத இடம் இதுதான். சிஸ்கோவை ஏமாற்றியதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஆறாவது சீசனில் 'வால்ட்ஸ்' என்று ஒரு எபிசோட். ரசிகர்களுக்கு டுகாட் மேல் இரக்கம் கூடிக்கொண்டே போனது தயாரிப்பாளர் ஐரா ஸ்டீவன் பெஹ்ருக்கு உறுத்தலாக இருந்ததாம். அதனால் ஒரு குகையில் சிஸ்கோவோடு உட்காரவைத்து அவர் வாயாலேயே எல்லாவற்றையும் கக்க வைத்தார்கள். முகாம்களில் வேலை அளவைப் பாதியாகக் குறைத்தேன், குழந்தைத் தொழிலை ஒழித்தேன், ஆனாலும் நன்றியே இல்லை என்று புலம்பல். 200 கார்டாசியர்கள் குண்டுவெடிப்பில் செத்ததற்கு 200 பஜோரியர்களைக் கொன்றதையும் நியாயம் போலவே சொல்கிறார். கடைசியில் அவர்கள் எல்லோரையும் கொன்றிருக்க வேண்டும் என்று கத்துகிறார். இந்த எபிசோட் கொஞ்சம் ஓவர் என்பது என் கருத்து. மகளை விட்டுப்போன அந்த ஒரு காட்சியே போதுமாக இருந்தது.

இதில் இன்னொரு சிக்கல், டமார். டுகாட்டின் வலது கை. ஸியாலைச் சுட்டுக் கொன்றவன். டுகாட்டுக்குப் பிறகு கார்டாசியாவின் தலைவனாகி, ஏழாவது சீசனில் அதே டொமினியனின் முதுகில் குத்துகிறான். அதுவும் தலைவன் செய்த துரோகம்தான், ஆனால் நான் கைதட்டினேன்! தன் மனைவியையும் மகனையும் டொமினியன் கொன்ற செய்தி வந்ததும், அப்பாவிகளைக் கொல்ல எப்படிப்பட்டவர்கள் உத்தரவிடுவார்கள் என்று உடைந்துபோய்க் கேட்கிறான். கீராவும் அதே கேள்வியை அவன் பக்கமே திருப்பிவிடுகிறாள். டமார் வாயடைத்துப் போகிறான். டுகாட்டிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பார்.

கடைசி எபிசோடில் கார்டாசியாவில் 80 கோடிப் பேர் செத்துக் கிடக்கிறார்கள். ஐந்து நாளில் மீட்டுத் தருகிறேன் என்ற அந்த உரை தொடங்கி வைத்த கணக்கு இது. டுகாட் அப்போது அங்கே இல்லை. முகத்தைப் பஜோரியனாக மாற்றிக்கொண்டு வேறொரு குகையில் தீய சக்திகளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பகுதி எனக்குப் பிடிக்கவேயில்லை, அது தனிப் பதிலுக்கான விஷயம்.