பெரட்டுக்களத்து மெய்யியல்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் ஞாயிறு கூடியபோது துண்டுச் சீட்டில் வந்த கேள்விகள் இவை. தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான், பதில்கள் என்னுடையவை.

தத்துவம்னா சாமியாருங்க சமாச்சாரம். பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பால் எடுத்த எங்களுக்கு எதுக்கு டீச்சர்? (ஓய்வுபெற்ற மண்டோர், அதாவது தோட்டத்து மேற்பார்வையாளர்)

தோட்டத் தொழிலாளர் விடிகாலையில் கூடிப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் வானத்தைப் பார்த்து "இன்னிக்கு வெட்டு இல்ல" என்று சொன்னவர்தானே அண்ணே நீங்கள்! எப்படித் தெரிந்தது? மேகத்தைக் கண்டது காண்டல்; மழை வரும் என்று ஊகித்தது கருதல். அறிவு எந்த வழியில் வருகிறது என்று கேட்பது அறிவாராய்ச்சி. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் அந்த வழிகளை காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். உரை என்றால் அங்கே ஆகமம். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) சொன்னதெல்லாம் அதில் சேராது!

தத்துவத்துக்கு எத்தனை கிளை டீச்சர்? (எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதும் மாணவி)

உள்ளது எது என்று கேட்பது மெய்ப்பொருளியல். அறிவாராய்ச்சி மேலே வந்துவிட்டது. எது சரி என்பது அறவியல், வாதம் நிற்குமா என்பது அளவையியல். அழகியலையும் சேர்ப்பார்கள். மனப்பாடம் செய்யாதே, கண்ணு.

அப்பாவுக்கு நோய் முத்திடுச்சுன்னு டாக்டர் சொன்னார். அப்பாகிட்ட "சரியாயிடும்"னு சொல்லிட்டேன். தப்பா?

இந்தச் சீட்டை இரண்டு முறை படித்தேன். ஜெர்மன் தத்துவஞானி காண்ட் 1797இல் எழுதிய கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடி வந்தவன் கேட்டாலும் பொய் கூடாது என்கிறார். ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் வழி வந்தவர்கள் விளைவைப் பார்ப்பார்கள்: யாருக்கு எவ்வளவு நன்மை, எவ்வளவு துன்பம்? வள்ளுவரோ,

பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த
நன்மை பயக்கும் எனின்

என்கிறார். பலரும் இதைப் பொய்க்குக் கிடைத்த அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். "புரைதீர்ந்த" என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். குற்றமற்ற நன்மையாக இருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு நிலப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவோ, பிரிந்த தம்பியைப் பார்க்கவோ ஆசை இருந்தால், அந்தப் பொய் அவருடைய நாட்களைப் பறித்துவிடும். பொய் அவருடைய பயத்துக்கா, உங்கள் பயத்துக்கா? அதைப் பிரித்துப் பாருங்கள் அம்மா. காண்ட் சொன்னதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஆனாலும் அவர் நம்மைக் கூச வைக்கிறார், அது நல்லது.

வேலை கேட்டுப் போனேன். "தோட்டத்துப் பசங்க குடிப்பாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. என்ன பதில் சொல்றது?

குடிக்கிற சிலர் தோட்டத்தில் பிறந்தவர்கள் என்பதிலிருந்து, தோட்டத்தில் பிறந்தவர் எல்லாரும் குடிப்பார்கள் என்பது வராது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் வகுத்த அளவையியலில் இது முதல் பாடம். மணிமேகலை 29ஆம் காதையிலும் பௌத்தத் துறவி அறவண அடிகள் பக்கப்போலி (முடிவில் பிழை), ஏதுப்போலி (காரணத்தில் பிழை), திட்டாந்தப்போலி (எடுத்துக்காட்டில் பிழை) என்று வாதக் குற்றங்களைப் பிரித்துக் காட்டுகிறார். உன்னை அனுப்பியவருக்கு அளவை தெரியாது, தம்பி. வேறு இடத்தில் கேள்.

கித்தா (ரப்பர்) மரம் போய் செம்பனை வந்துச்சு, அப்புறம் வீடமைப்பு. லயமும் (தொழிலாளர் வரிசை வீடு) இல்ல. பேரு மட்டும் அதேதான். அது எங்க தோட்டமா?

கிரேக்கக் கதைநாயகன் தீசியசின் கப்பலில் பலகை பலகையாக மாற்றிய பிறகும் அது அதே கப்பலா என்று ஏதென்சில் வாதிட்டதைப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். மரமும் மண்ணும்தான் தோட்டம் என்றால் போய்விட்டது. அங்கே வாழ்ந்தவர்களின் உறவுதான் தோட்டம் என்றால், தைப்பூசத்துக்கு நீங்கள் எல்லாரும் கூடுகிறவரை இருக்கிறது. நான் இரண்டாவது பக்கம்.

அப்போ எங்க முனியாண்டி கோயில்? புது இடத்துல வேற சிலை. சாமி வந்தாரா?

கோயில் திருப்பணியில் சிலையின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றும் சடங்கைப் பார்த்திருப்பீர்கள். கல் வேறு, சாமி வேறு என்று ஒத்துக்கொண்டால்தான் அந்தச் சடங்குக்கே பொருள். நீங்கள் பழைய சூலத்தையும் கொண்டுபோனீர்களாமே?