ரோமானிய வாசனைக் குப்பி: கேள்வி பதில்

கோவை வாசகர்: அருங்காட்சியகத்தில் ஒரு ரோமானியக் கண்ணாடிக் குப்பி மயில்கழுத்து நிறத்தில் மின்னியது. அந்தச் சாயம் இத்தனை நூற்றாண்டுகள் எப்படி நின்றது?

பதில்: அது சாயமே இல்லை ஐயா. மண்ணின் ஈரம் கண்ணாடியிலிருந்த சோடாவைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய சிலிக்கா வெங்காயச் சருகு போல் அடுக்கடுக்காக நிற்கிறது. அந்த மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால்தான் அத்தனை நிறங்களும். செய்த புதிதில் அது பெரும்பாலும் வெளிர் நீலப்பச்சையாக இருந்திருக்கும். மணலில் கலந்திருந்த இரும்பு தந்த நிறம் அது.

மதுரை வாசகி: என் மாமனார் வைத்திருந்த குப்பி ஒன்று எங்களிடம் இருக்கிறது. கழுவலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. விரல் உரசினாலே அந்தப் படலம் செதில் செதிலாக உதிரும். உதிர்ந்ததை மீண்டும் ஒட்ட வழியில்லை. அடியில் காய்ந்திருக்கும் கசடையும் சுரண்டாதீர்கள். உள்ளே என்ன இருந்தது என்பதை ஆய்வகத்தார் அதிலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பெயினின் கார்மோனாவில் 2019இல் திறந்த ரோமானியக் கல்லறையில் ஒரு படிகக்கல் குப்பி கிடைத்தது. நிலக்கீல் பூசி மூடியிருந்த அதன் கசடைச் சோதித்தபோது பச்சோலி என்னும் வாசனைச் செடியின் எண்ணெய் தெரியவந்தது. எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

திருச்சி வாசகர்: துக்கம் கேட்க வந்தவர்கள் கண்ணீரைப் பிடித்து வைத்த குப்பி என்கிறார்களே?

பதில்: கட்டுக்கதை. கல்லறைகளில் ஏராளமாகக் கிடைப்பதால் கிளம்பிய பேச்சு. இவை நறுமண எண்ணெய்க் குப்பிகள். அன்றைய வாசனைத் திரவியத்தில் சாராயம் கிடையாது. ஆலிவ் முதலிய எண்ணெய்களில் மலர்களையும் வாசனைப் பொருள்களையும் ஊறவைத்தார்கள். சொட்டுச் சொட்டாக ஊற்றத்தான் அந்தக் குறுகிய கழுத்து.

சேலம் வாசகர்: சாதாரண மக்களால் வாங்க முடிந்ததா?

பதில்: முடிந்தது. கண்ணாடியை ஊதிச் செய்யும் முறை வருவதற்கு முன்பு களிமண் கருவைச் சுற்றிக் கண்ணாடியைப் படியவைத்து, ஆறிய பின் கருவைச் சுரண்டி எடுப்பார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. கி.மு. 1ஆம் நூற்றாண்டில் சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் ஊதும் முறை பிறந்ததும் சிறு குப்பி சில நிமிட வேலையாகிவிட்டது. ரோமில் ஒரு செப்புக் காசுக்குக் கண்ணாடிக் கோப்பை கிடைத்ததாக அக்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். குப்பியின் விளிம்பைக் கவனியுங்கள்: மீண்டும் சூடாக்கி உள்பக்கம் மடித்த தடிப்பு பலவற்றில் தெரியும். சிலவற்றில் அது ஒருபக்கம் சாய்ந்தே இருக்கும். அவசரமாக அடுத்த குப்பிக்குப் போன கைவினைஞரை அங்கே பார்க்கலாம்.

ஈரோடு வாசகர்: இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: எங்கே, எப்போது கிடைத்தது, யார் கைமாறி வந்தது என்பதற்கு ஆவணம் கேளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கல்லறைத் திருட்டுக்குப் பணம் கொடுக்க என்னால் பரிந்துரைக்க முடியாது.