நாய் திருந்திவிட்டது என்று மகிழ வேண்டாம்: நெல்லை வாசகர்களின் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

அம்பாசமுத்திரம், நாங்குநேரி வட்டாரங்களின் அரசு கால்நடை மருந்தகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வந்திருந்த கேள்விகளைப் படித்தபோது, நாய் சேட்டை செய்தால் பதறுகிறவர்கள் அது சேட்டையை நிறுத்தியதும் நிம்மதி அடைகிறார்கள் என்பது தெரிந்தது. மருத்துவனின் கணக்கு இதற்கு நேர் எதிரானது. ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன்.

பாளையங்கோட்டை வாசகி: ஐயா, எங்கள் நான்கு மாதக் குட்டி, தார்சாவில் கழற்றிப் போடும் செருப்புகளை ஒன்றுவிடாமல் கடித்துக் குதறுகிறது. விருந்தாளிகளின் செருப்பையும் விட்டுவைப்பதில்லை. அடித்தும் பார்த்துவிட்டோம். என்ன செய்வது?

பதில்: நாய்க்குட்டிக்கு 28 பால் பற்கள் உண்டு. மூன்றரை, நான்கு மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஏழு மாதத்திற்குள் 42 நிலையான பற்கள் முளைத்து முடியும். இடைப்பட்ட காலத்தில் ஈறு ஊறலெடுப்பதால் குட்டி எதையாவது கடித்தே தீரும். அதற்காக அடித்தால், உங்கள் கண்ணில் படாத இடமாகப் பார்த்துக் கடிக்கக் கற்றுக்கொள்ளுமே தவிர, கடிப்பதை விடாது. கெட்டியான பருத்தித் துணியை முடிச்சுப் போட்டு நனைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்துக் கொடுங்கள். பழைய செருப்பை விளையாடக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடு குட்டிக்குத் தெரியாது என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். செருப்புகளை உயரமான அலமாரியில் வைக்க வேண்டியது வீட்டாரின் வேலை. கடித்த செருப்பில் வாரோ ரப்பர்த் துண்டோ காணாமல் போயிருந்து, குட்டி திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ மலம் கழிக்காமல் முக்கினாலோ அது குடலடைப்பாக இருக்கலாம். அந்நிலையில் இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவரிடமோ உடனே கொண்டு செல்லுங்கள்.

வீரவநல்லூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: எங்கள் நாய்க்கு ஒன்றரை வயது. அடுக்களைக்குள் புகுந்து இட்லித் தட்டை இழுத்துப் போடுவதும், கொடியில் காயும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுவதும் அதன் அன்றாட வேலை. சில நாள்களாக எந்த வம்பும் செய்யாமல் ஆட்டுரலுக்குப் பின்னால் படுத்தே கிடக்கிறது. "ஒருவழியா திருந்திட்டுது" என்று ஆச்சி மகிழ்ந்து போனார்கள். இன்று காலையில் அதன் மூக்கிலிருந்து இரத்தம் சொட்டியது. சூடு பிடித்திருக்குமோ?

பதில்: தம்பி, இதைச் சூடு என்று எண்ணி ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்று உங்களுக்குத் தனியே சொல்லி அனுப்பிவிட்டேன். மற்றவர்களும் அறிய வேண்டும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஓடியாடித் திரிந்த இளநாய் காரணமில்லாமல் அடங்கிப் போனால், அதை நோயின் முதல் அறிகுறியாகத்தான் கொள்ள வேண்டும். மூக்கில் இரத்தம் வருவதற்கு எலி மருந்தைத் தின்றிருப்பதும் ஒரு காரணமாகலாம். நெல் மூட்டை வைத்திருக்கும் வீடுகளில் அதையும் விசாரிக்க வேண்டும். ஆனாலும் நம் பகுதியில் முதலில் ஐயப்பட வேண்டியது உண்ணிக்காய்ச்சலைத்தான். பழுப்பு நிற நாய் உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற நுண்கிருமி இரத்தத்தில் சேர்கிறது. ஒன்று முதல் மூன்று வாரங்களில் காய்ச்சலும் சோர்வும் தோன்றி, இரத்தம் உறைவதற்குத் தேவையான தட்டணுக்கள் குறைகின்றன. சில நாய்கள் தாமாகவே தேறியதுபோல் மாதக்கணக்கில் நடமாடிவிட்டு, பின்னர் ஒரு நாள் இரத்தக் கசிவோடு படுத்துவிடுவதும் உண்டு.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்றிருக்கிறது. நாயின் மேலுதட்டைத் தூக்கி, கோரைப் பல்லுக்கு மேலே ஈற்றில் விரலால் அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். அழுத்துவதற்கு முன்பே ஈறு வெளிறியிருந்தாலோ, ஈற்றிலும் அடிவயிற்றின் முடியில்லாத தோலிலும் ஊசி குத்தியது போன்ற சிவப்புப் புள்ளிகள் தென்பட்டாலோ அவசரம் என்று பொருள். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும் என்பதால், தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைச் சொல்லிவிட முடியாது.

இரத்தப் பரிசோதனையில் நோய் உறுதியானால் பெரும்பாலும் டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாள்களுக்கு எழுதிக் கொடுப்பார்கள். நான்காம் நாளே நாய் மறுபடியும் வேட்டியை இழுக்கத் தொடங்கிவிடும். வீட்டாரும் நோய் தீர்ந்தது என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மருந்தகத்தில் நான் அதிகம் சண்டை போட்டது இதற்காகத்தான். மாத்திரையைச் சோற்றோடு சேர்த்து, சொன்ன நாள் முழுவதும் கொடுக்க வேண்டும்.

நாயை மட்டும் கவனித்தாலும் போதாது. இந்த உண்ணி வீட்டுக்குள்ளேயே குடியிருக்கக் கூடியது. வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயின் மேலிருந்து இறங்கி, சுவரில் ஏறி, விரிசலிலோ நிலைக்கதவின் இடுக்கிலோ நாள்காட்டிக்குப் பின்னாலோ ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். ஆகவே மருத்துவர் சொல்லும் மருந்தால் நாயையும் வீட்டையும் ஒரே காலத்தில் சுத்தப்படுத்தி, சுவர் விரிசல்களைப் பூசி அடைக்க வேண்டும். உண்ணியைப் பிடுங்கும்போது சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவுவதும், தீக்குச்சியால் சுடுவதும், நகத்தில் வைத்து நசுக்குவதும் கூடாது.

கோவில்பட்டிச் சாலையில் வீடு கட்டியிருக்கும் ஒருவர்: ஆசையாக வாங்கிய சிப்பிப்பாறை நாய், சுற்றுச்சுவரைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டுக் கோழியைப் பிடித்துவிட்டது. நாய்க்கு ஏதேனும் கோளாறா?

பதில்: கோளாறு ஒன்றுமில்லை. முயல் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் அது. கன்னி நாயும் அப்படித்தான். ஓடுவதைக் கண்டால் துரத்தும். முதலில் கோழிக்கு உரிய பணத்தைக் கொடுத்துவிடுங்கள்; அண்டை வீட்டாரோடு பேச்சு நின்றுபோனால் அதைச் சரிசெய்ய என்னிடம் மருந்து கிடையாது. பிறகு சுவரை உயர்த்தி, நாள்தோறும் காலையும் மாலையும் கயிற்றோடு நெடுந்தூரம் ஓட விடுங்கள். அதற்கு நேரமில்லாதவர்கள் இந்த இனத்தை வளர்க்க ஆசைப்படாமல் இருப்பதே நல்லது.

பேட்டை வாசகி: சீர்வரிசைக்காக வாங்கி வைத்திருந்த ஒரு கிலோ அல்வாவில் பாதிக்கு மேல் எங்கள் நாய் தின்றுவிட்டது. உப்புத் தண்ணீரைப் புகட்டி வாந்தி எடுக்க வைக்கலாம் என்று மதினி சொல்கிறார்கள்.

பதில்: உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு மிகுந்து இரத்தத்தில் ஏறினால் வலிப்பு வரும். நம்மூர் அல்வாவில் சம்பா கோதுமைப் பாலைவிடக் கவலை தருவது அதில் ஊறியிருக்கும் நெய்தான். ஒரே நேரத்தில் உடலில் சேரும் அவ்வளவு கொழுப்பு, கணையத்தை அழற்சிக்கு உள்ளாக்கக்கூடும். தண்ணீரைச் சிறிது சிறிதாக வையுங்கள். அடுத்த வேளைகளில் எண்ணெய், மசாலா இல்லாமல் குழைந்த சோற்றோடு தோல் நீக்கி அவித்த கோழிக்கறியைக் கொஞ்சமாகக் கொடுங்கள். மூன்று நாள் வரை கவனித்திருங்கள். தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, முன்கால்களைத் தரையில் நீட்டிப் பின்புறத்தை மட்டும் உயர்த்தி நின்றாலோ அது வயிற்று வலியின் அடையாளம் என்பதால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அல்வாவுக்குப் பதிலாக, சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கப்படும் சைலிட்டால் கலந்த மிட்டாயைத் தின்றிருந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது; அது நாயின் இரத்தச் சர்க்கரையைச் சடுதியில் இறக்கிவிடும். சொதியும் கூட்டாஞ்சோறும் மிஞ்சினால் நாய்க்கு வைப்பவர்கள், அவற்றிலுள்ள உள்ளியும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதையும் நினைவில் கொள்ளட்டும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு மருமகள்: என் மாமியாருக்குத் திடீரென்று பக்கவாதம் வந்து, மருத்துவமனையிலிருந்து இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார்கள். இடக்கையும் இடக்காலும் இன்னும் பலவீனமாக உள்ளன. வீட்டிலுள்ள இரண்டு நாய்களுக்கும் அவர்கள்தான் எல்லாமும். அவர்கள் மருத்துவமனையில் இருந்தபோது நாய்கள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது அவர்களைக் கண்டாலே மேலே பாய்கின்றன. உறவினர்கள் நாய்களைக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். அத்தையோ, அந்தப் பேச்சை எடுத்தாலே அழுகிறார்கள்.

பதில்: அம்மா, கொடுத்துவிட வேண்டும் என்ற முடிவுக்கு இப்போதே போக வேண்டாம். ஆனால் உறவினர்களின் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. பக்கவாதத்திலிருந்து மீள்கிறவருக்கு உள்ள பெரிய ஆபத்துகளில் ஒன்று கீழே விழுவது. அன்பினால் பாய்ந்தாலும் நாயின் எடை எடைதான். எனவே அத்தை எழுந்து நடக்கும் நேரங்களில், நடைப்பயிற்சி அளிப்பவர் இருக்கும்போதும், நாய்கள் புறவாசலில் கட்டப்பட்டோ, பட்டாசலுக்குக் குறுக்கே இடுப்பளவு தட்டி வைத்து மறிக்கப்பட்டோ இருக்க வேண்டும். அத்தை கட்டிலிலோ நாற்காலியிலோ உறுதியாக அமர்ந்த பின், ஒவ்வொரு நாயாகக் கயிற்றோடு அழைத்து வாருங்கள். நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டும் அத்தை தடவிக் கொடுக்கட்டும். தாவினால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு, நாயை வெளியே கொண்டுபோய்விடுங்கள். அதட்டுவதும் தள்ளிவிடுவதும் நாய்க்கு விளையாட்டாகவே தோன்றும். வீட்டில் ஒருவர் மட்டும் இரக்கப்பட்டுத் தாவ விட்டாலும் முந்தைய உழைப்பெல்லாம் வீண்.

நாய்களின் நகத்தை வெட்டி வையுங்கள். பக்கவாதத்திற்குப் பின் இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்திருந்தால், சிறு கீறலும் நெடுநேரம் கசியும். தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் தவணை தவறாமல் இருக்கட்டும். புண் இருக்கும் இடத்தை நாய் நக்க விடாதீர்கள்.

பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று மாத்திரை. கை நடுங்குகிறவரிடமிருந்து மாத்திரை உருண்டு கீழே விழுந்தால், நீங்கள் குனிவதற்குள் நாய் அதை விழுங்கிவிடும். இரத்த அழுத்த மாத்திரையும் வலிநிவாரண மாத்திரையும் நாய்க்குக் கடும் நஞ்சாகலாம். மாத்திரை கொடுக்கும் நேரத்தில் அறைக் கதவைச் சாத்துங்கள். எண்ணிக்கை குறைந்தால், அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

சாப்பிடாமல் இருந்ததைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வழக்கமாகச் சோறு வைப்பவர் இல்லாதபோது ஒரு நாள், இரு நாள் நாய் பட்டினி கிடப்பது இயல்பு. அதற்கு மேலும் நீடித்தால் ஏக்கம் என்று சொல்லி விட்டுவிடாமல், வேறு நோய் உண்டா என்று பார்க்க வேண்டும். இனி சோறு வைக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டாலும், கடைசிக் கவளத்தை அத்தையின் கையால் தட்டில் போடச் சொல்லுங்கள். எந்தக் கையைப் பயன்படுத்தலாம் என்பதை அவர்களுடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு தந்தை: விளையாடும்போது எங்கள் வீட்டு நாயின் பல் பட்டு மகனின் கையில் இரத்தம் வந்துவிட்டது. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம். மஞ்சள்தூள் வைத்தோம். ஊசி தேவையா? தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்கிறார்களே?

பதில்: தேவை. மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. குழாய் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவதே முதல் மருத்துவம். இப்போதும் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வயிற்றில் போடும் ஊசி நிறுத்தப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகின்றன. இன்றைய தடுப்பூசி, தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் மேற்கையில் போடப்படுகிறது. இரத்தம் வந்த காயம் என்பதால், காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத ஊசியும் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நாயைக் கட்டி வைத்துப் பத்து நாள் கவனியுங்கள். நாய் நலமாகத்தானே இருக்கிறது என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது.

முக்கூடல் வாசகர்: ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தேங்கும் நீரில் எங்கள் நாய் புரள்கிறது, தடுத்தால் கேட்பதில்லை. ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் நாய்க்கும் மனிதருக்கும் தொற்றும். டிசம்பர் 2023 பெருமழையின்போது தாமிரபரணிக் கரையில் தெருவும் வீடும் நீரில் கிடந்ததை நாம் பார்த்தோம். அப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பிந்தைய வாரங்களில்தான் இது மிகுதியாகப் பரவ வாய்ப்புண்டு. நாய்க்கு ஆண்டுதோறும் இதற்கான தடுப்பூசியையும் சேர்த்துப் போடுங்கள். வாந்தியோடு கண் வெள்ளை மஞ்சளானால் உடனே காட்டுங்கள். நோயுற்ற நாயின் சிறுநீரைக் கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள். வீட்டில் யாருக்கேனும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், நாய் நோயுற்றிருப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வள்ளியூர் வாசகி: நாய்க்குக் காய்ச்சல் என்றால் குழந்தைகளுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் மருந்தைக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. நாயின் ஈரலை அது கெடுக்கும். பூனைக்கோ மிகச் சிறிய அளவே உயிரைப் பறிக்கும். இரவு நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால், ஈரத் துணியால் பாதங்களையும் அடிவயிற்றையும் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் படுக்கவிட்டு, விடிந்ததும் மருந்தகத்திற்குக் கொண்டு செல்லுங்கள். கடைசியாக என்ன தின்றது, எப்போது தின்றது, எத்தனை முறை வாந்தி எடுத்தது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்.