வெள்ளை கிரிக்கெட் பேன்ட்டில் முழங்கால் பக்கம் படிந்த புல்கறையை வீட்டிலேயே எப்படிப் போக்குவது?

சோப்புக்கட்டி போட்டுத் தேய்த்தும், பிளீச்சில் ஊற வைத்தும் பச்சை போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் காப்பாற்றலாம். புல்கறைக்கு என்ன போடுகிறோம் என்பதைவிட எதை முதலில் போடுகிறோம் என்பதுதான் முக்கியம். முதலில் ஸ்பிரிட், அடுத்து என்சைம் (புரதத்தைச் சிதைக்கும் பொருள்) உள்ள சோப்புத்தூள், அப்புறமும் நிழல் தெரிந்தால் மட்டும் ஆக்சிஜன் பிளீச் (நீங்கள் போட்ட குளோரின் பிளீச் அல்ல).

பந்தைத் தடுக்கச் சறுக்கும்போது புல் நசுங்கி, சாறு நேராக இழைக்குள் இறங்கிவிடுகிறது. அந்தச் சாற்றில் பச்சையம், மஞ்சள் நிறமிகள், புரதம், துவர்ப்புப் பொருட்கள் எல்லாம் கலந்திருக்கின்றன. பச்சையம் தண்ணீரில் கரையாது, எண்ணெயோடும் ஆல்கஹாலோடும்தான் சேரும். இப்போது வரும் கிரிக்கெட் பேன்ட்டுகள் பெரும்பாலும் பாலியஸ்டர். அதுவும் எண்ணெய்ப் பசையை எளிதில் விடாத துணி. அதனால்தான் தண்ணீரும் சோப்பும் மட்டும் போட்டுத் தேய்த்தால் கறை அகலமாகிறதே தவிர வெளியே வருவதில்லை.

மைதானத்து மண்ணும் சேர்ந்திருந்தால் முதலில் நன்றாகக் காயவிட்டு, உதறி, பழைய டூத்பிரஷால் தட்டிவிடுங்கள். ஈரத்தில் தேய்த்தால் செம்மண் சேறாகி நெசவுக்குள் போய் உட்கார்ந்துவிடும். பிறகு துணியை உட்புறம் திருப்பி, கறையின் பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரை வேகமாக விடுங்கள். வெந்நீர் வேண்டாம், சூடு பட்டால் புரதம் இறுகிவிடும். அதன்பின் பிழிந்து, ஈரம் ஓரளவு வற்றட்டும்.

அடுத்து ஸ்பிரிட். மருந்துக்கடையில் கிடைக்கும் நிறமில்லாத சர்ஜிக்கல் ஸ்பிரிட் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். அவசரத்துக்கு, நிறம் சேர்க்காத 70 சதவீத ஆல்கஹால் சானிடைசரும் உதவும். பெயின்ட் கடையில் விற்கும் ஊதா நிற ஸ்பிரிட்டைத் தொடாதீர்கள், அந்தச் சாயமே துணியில் ஏறிவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கறைக்கு அடியில் வெள்ளைப் பருத்தித் துணியை நாலாக மடித்து வையுங்கள். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். அரை நிமிடத்திலேயே அடித்துணியில் இளம்பச்சை வட்டம் தெரியும். அப்படித் தெரிந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். உடனே அடித்துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பி வைத்து, புதுப் பஞ்சால் மறுபடி ஒற்றுங்கள். பச்சை இறங்குவது நிற்கும்வரை இப்படியே செய்ய வேண்டும். ஒரு முழங்காலுக்கு 20 முதல் 30 மில்லி ஆகும். பலர் அடித்துணியை மாற்றாமல் விடுகிறார்கள், அதனால் இறங்கிய நிறமே திரும்ப ஏறிவிடுகிறது. முடிந்ததும் சாதாரணத் தண்ணீரில் நன்றாக அலசிவிடுங்கள். ஸ்பிரிட் மிச்சமிருந்தால் அடுத்துப் போடும் என்சைம் சரியாக வேலை செய்யாது.

சோப்புத்தூள் பாக்கெட்டில் என்சைம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சோப்புக்கட்டிகளில் பெரும்பாலும் அது இருக்காது. ஒரு மேசைக்கரண்டித் தூளுக்கு இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழைத்து, கறைமேல் தடவி 30 நிமிடம் விடுங்கள். காய்ந்தால் என்சைம் நின்றுவிடும், அதனால் நடுவில் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருங்கள். 30 முதல் 40 டிகிரிச் சூடு போதும். கோடையில் நம் மாடித் தொட்டித் தண்ணீரே அந்தச் சூட்டில்தான் வரும். வீட்டில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், குழைப்பதற்கு மட்டும் குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு டூத்பிரஷால் மெதுவாகத் தேய்த்து, வழக்கம்போல் துவைக்கலாம்.

இத்தோடு பெரும்பாலும் போய்விடும். மஞ்சளாக ஒரு நிழல் தங்கியிருந்தால் வேனிஷ் மாதிரியான ஆக்சிஜன் பிளீச் தூளை எடுங்கள். அளவு பாக்கெட்டில் போட்டிருக்கும். அதைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, ஒன்றிரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். பச்சைத்தண்ணீரில் இது மந்தமாகத்தான் வேலை செய்யும். கரைசலை மீதி வைத்து பாட்டிலில் மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கக்கூடும்.

நீங்கள் போட்ட குளோரின் பிளீச்சை இனிமேல் இந்த பேன்ட்டுக்குப் போட வேண்டாம். இடுப்பு எலாஸ்டிக்கையும் நீளும் இழையையும் அது கெடுத்து மஞ்சளாக்கும். தண்ணீரில் இரும்பு இருந்தால் துரு நிறமும் ஏறும். அதைவிட முக்கியம், அதை வினிகரோடோ ஸ்பிரிட்டோடோ ஒருபோதும் கலக்காதீர்கள். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஸ்பிரிட்டோடு சேர்ந்தாலும் நச்சுப் பொருட்கள் உண்டாகும். ஏற்கெனவே பிளீச் போட்ட துணி என்பதால், ஸ்பிரிட் தொடும் முன் நாலைந்து தண்ணீர் மாற்றி அலசி, பிளீச் வாசனை துளியும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வினிகரும் எலுமிச்சையும் போதும் என்று பலர் சொல்வார்கள். கீரையில் புளி விட்டால் பச்சை மங்கிப் பழுப்பாகிறதே, இங்கேயும் அதேதான் நடக்கிறது. அமிலம் பச்சையத்திலிருக்கும் மெக்னீசியத்தை வெளியேற்ற, நிறம் மாறுகிறது. கறை போனதுபோல் தெரியும், ஆனால் காய்ந்ததும் பழுப்பு நிழல் கண்ணுக்குத் தெரியும். ஸ்பிரிட் கிடைக்காத இடத்தில் மட்டும் முயலலாம்.

வண்ண ஜெர்சியாக இருந்தால் உள்தையல் ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு, ஐந்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தப் படியை விட்டுவிட்டு என்சைம் குழம்பிலேயே இரண்டு முறை போடுங்கள். எண், பெயர் அச்சிட்ட இடத்தில் ஸ்பிரிட் படக்கூடாது, ஒட்டு இளகி உரியும். பட்டிலும் கம்பளியிலும் என்சைமே போடக்கூடாது, அவையே புரத இழைகள், அரித்துவிடும். பட்டுப்பாவாடையில் புல்கறை பட்டால் வீட்டில் எதுவும் தேய்க்காமல், இது புல்கறை என்று சொல்லி டிரை கிளீனிங்கில் கொடுத்துவிடுவதே நல்லது.

துவைத்து முடித்து ஈரமாக இருக்கும்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லேசான நிழல் தெரிந்தாலும் இஸ்திரி போடாதீர்கள், சூட்டில் மிச்சக் கறை இறுகிவிடும். வெள்ளைத் துணியை வெயிலில் காயப்போடலாம், மிச்ச நிறமி அதில் கொஞ்சம் வெளுக்கும். உங்கள் பேன்ட்டில் ஏற்கெனவே இஸ்திரி விழுந்திருந்தால் ஸ்பிரிட் படியையும் என்சைம் படியையும் இரண்டு மூன்று சுற்று திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே நன்றாக அலசிக்கொள்ளுங்கள்.