டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த என் தம்பி, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் 16,000 ரூபாய் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகலாமா, வீட்டிலிருந்து குரூப் 4-க்குப் படிக்கலாமா?

போகட்டும். ஆனால் யார் கொடுக்கும் நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறான், உள்ளே எந்த டிபார்ட்மெண்டில் நிற்கப் போகிறான் என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்டு போகட்டும். சம்பளம் 16,000-ஆ 18,000-ஆ என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸில் இருக்கிறேன். செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகள் வருஷா வருஷம் வருகிறார்கள். பத்தொன்பது, இருபது வயது. ஒரு ரூமில் ஆறேழு பேர் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போய், கேன்டீனில் சாப்பிட்டு, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் அந்த முகங்கள் போய் வேறு முகங்கள் வந்துவிடும். போனவர்களில் சிலர் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள். பலர் அடுத்த கம்பெனி கேட்டில் அதே சம்பளத்துக்கு மறுபடி முதலிலிருந்து நிற்கிறார்கள். படிப்பும் ஒன்றுதான், ஊரும் ஒன்றுதான். முதல் இரண்டு வருஷத்தில் கைக்கு என்ன வேலை வந்தது என்பதில்தான் இவர்கள் பிரிந்துபோகிறார்கள்.

குரூப் 4 பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்து 89 ஆயிரத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 350 பேர். பிறகு இடங்களைக் கொஞ்சம் கூட்டினார்கள் என்றாலும் கணக்கு பெரிதாக மாறிவிடாது. 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் 100 கேள்வி தமிழ். தமிழும் கணக்கும் நன்றாக வரும் பையனுக்கு எட்டாத தேர்வு இல்லை. படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். மூன்று வருஷம் வீட்டில் உட்கார்ந்து அதை மட்டுமே படிப்பதுதான் எனக்குப் பயம். கிடைக்காமல் போனால் இருபத்து மூன்று வயதில், டிப்ளமோவில் படித்ததும் மறந்து, அனுபவமும் இல்லாமல் வந்து நிற்பான். ஹெச்.ஆர். கேட்கும் முதல் கேள்வியே "நடுவுல என்ன பண்ணீங்க?" என்பதுதான்.

உங்கள் தம்பியின் குழப்பம் அவனுடையது மட்டுமல்ல. சர்வதேச தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-இல் இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையை வெளியிட்டன. 2022-இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 சதவீதம், பட்டதாரி இளைஞர்களிடையே 29.1 சதவீதம் என்று அதில் இருக்கிறது. படிக்காதவரால் சும்மா இருக்க முடியாது, கிடைத்த கூலிக்குப் போயாக வேண்டும். படித்தவரை வீடு கொஞ்ச காலம் தாங்குகிறது, அவரும் படிப்புக்கேற்ற வேலை வரட்டும் என்று காத்திருக்கிறார். அப்படிக் காத்திருப்பதில் தப்பில்லை. நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் நம்முடையது. அப்படியிருந்தும் டிப்ளமோ படித்த பையனுக்கு ஓர் ஏஜென்சி வழியாகத்தான் கதவு திறக்கிறது என்பது எனக்குப் பொறுக்கவே இல்லை. அதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் பேச வேண்டும். ஆனால் தம்பி திங்கட்கிழமை வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதற்கு அது பதிலாகாது.

இனி கடிதம். கம்பெனி வாசலில் போர்டு யாருடையதாகவும் இருக்கலாம். தம்பியைப் பொறுத்தவரை ஒன்று கம்பெனியே நேரடியாக எடுக்கும் ஆன் ரோல், இல்லையென்றால் ஒப்பந்தக்காரரிடம் காண்ட்ராக்ட், இல்லையென்றால் அப்ரண்டிஸ், அதாவது தொழிற்பழகுநர். உங்களுக்குச் சொன்னது காண்ட்ராக்ட் என்றாலும், கையில் வரும் தாள் அப்ரண்டிஸ் தாளாக இருக்கிறதா என்று பாருங்கள். 1961-ஆம் வருஷத்துத் தொழிற்பழகுநர் சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சியாளர். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கிடையாது, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கிடையாது, முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. 2019-இல் திருத்திய விதியில் டிப்ளமோ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 8,000 ரூபாய் என்று இருந்தது, இப்போது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனி அதற்கு மேலும் கொடுக்கலாம். இதெல்லாம் கேட்டுப் பயப்பட வேண்டாம். முறையாகப் பதிவு செய்து, முடிவில் அரசுச் சான்றிதழ் கிடைக்கும் அப்ரண்டிஸ் பயிற்சியை ஏனோதானோ காண்ட்ராக்டை விட நான் மேலாகவே நினைக்கிறேன். தென் மாநிலங்களில் டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களின் பழகுநர் பயிற்சியைக் கவனிக்கும் வாரியம் தரமணியில் இருக்கிறது. பதிவு எண் கொடுங்கள் என்று கேட்டால், உண்மையான பயிற்சி என்றால் கொடுப்பார்கள்.

காண்ட்ராக்ட் என்றால் பி.எஃப். பிடிப்பார்கள். முதல் சம்பளம் வந்த கையோடு பி.எஃப்.புக்கான யு.ஏ.என். எண்ணை வாங்கி, அரசின் உமங் ஆப்பில் பாஸ்புக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் தம்பியின் முதலாளி. சீருடையில் தைத்திருக்கும் பெயரை நம்ப வேண்டாம். மாதச் சம்பளம் 21,000-க்குள் என்பதால் இ.எஸ்.ஐ.யும் உண்டு, அவன் பங்கு 0.75 சதவீதம்தான். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் ஒப்பந்தக்காரர்களும் இருக்கிறார்கள், அதனால் மாதாமாதம் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி (பணிக்கொடை) உரிமை வந்துவிடும், முன்பு போல ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. "கடிதம் அப்புறம் தர்றோம்" என்றால் ஒரு வாரம் பொறுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். வேலை வாங்கித் தர முன்பணம் கேட்கும் கன்சல்டன்சி என்றால் அன்றைக்கே திரும்பி வந்துவிடட்டும்.

டிபார்ட்மெண்ட் இதைவிட முக்கியம். அசெம்பிளி லைனில் ஒரே ஸ்க்ரூவை நாள் முழுக்க முடுக்குகிறவனும், கம்ப்யூட்டரில் இயங்கும் சி.என்.சி. மெஷினில் பீஸை வைத்து பட்டனை அழுத்தி எடுக்கிறவனும் எத்தனை வருஷம் இருந்தாலும், வெளியே போகும்போது சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. அதே சி.என்.சி.யில் ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) போடவும், இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றவும், முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்து ஓகே சொல்லவும் தெரிந்தவன் செட்டர். மெயின்டனன்ஸில் சென்சார், காற்றழுத்தத்தில் இயங்கும் நியூமேட்டிக் சிலிண்டர், மெஷினை இயக்கும் கம்ப்யூட்டரான பி.எல்.சி. என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வரும். க்வாலிட்டியில் டிராயிங் படிக்கவும், பீஸை அளக்கும் சி.எம்.எம். மெஷினை ஓட்டவும் கற்கலாம். அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூம் கிடைத்தால் இரண்டாயிரம் ரூபாய் குறைவாகக் கொடுத்தாலும் போகச் சொல்வேன். லைனில்தான் இடம் என்றால் ஆறு மாதம் நிற்கட்டும். ஷிப்ட் முடிந்த பிறகு செட்டர் பக்கத்தில் அரை மணி நேரம் இருந்து பார்க்கட்டும், மாற்றம் கேட்கட்டும். ஒரு வருஷம் ஆகியும் லைனை விட்டு நகர்த்தவில்லை என்றால் அவன் வேறு இடம் பார்க்க வேண்டும்.

ஆன் ரோலையே குறியாக வைத்துக் காத்திருக்கவும் சொல்ல மாட்டேன். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கியது, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2022-இல் நின்றது. இரண்டிலும் நிரந்தரத் தொழிலாளர்கள் இருந்தார்கள்.

குரூப் 4-ஐயும் விட வேண்டாம். பி ஷிப்ட் (மதியம் தொடங்கும் ஷிப்ட்) வாரத்தில் காலை முழுக்க அவன் கையில் இருக்கும். அந்த வாரங்களைத் தமிழுக்கும் கணக்குக்கும் ஒதுக்கலாம். நைட் ஷிப்ட் வாரத்தில் தூங்கட்டும், படிக்க வேண்டாம். தூக்கம் கெட்டு மெஷின் முன்னால் நிற்பது ஆபத்து. இரண்டு வருஷத்துக்குப் பிறகு பி.இ. படிக்க ஆசை வந்தால், டிப்ளமோவை வைத்து நேரடியாக இரண்டாம் வருஷத்தில் சேரவும் வழி இருக்கிறது.

நேர்காணல் முடிவில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். பெரும்பாலான பிள்ளைகள் கூச்சப்பட்டு "இல்ல சார்" என்று எழுந்துவிடுகிறார்கள். தம்பி எழ வேண்டாம். "சார், என்னை எந்த டிபார்ட்மெண்ட்ல போடுவீங்க? ஒரு வருஷம் கழிச்சு செட்டிங், மெயின்டனன்ஸ் பக்கம் மாத்துவீங்களா?" என்று கேட்கட்டும். என்ன பதில் வருகிறது என்று இங்கே கருத்தில் எழுதுங்கள், அந்த இடம் சரியா என்று சேர்ந்து பார்க்கலாம்.